ராம்ஷ்டைனின் ‘டாய்ச்லாண்ட்’ பாடலைப் புரிந்து கேட்பது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தன் நாட்டைப் பார்த்து “உன்னை நேசிக்கவும் வேண்டும், சபிக்கவும் வேண்டும், என் காதலை மட்டும் உனக்குத் தர முடியாது” என்று பாடுகிற ஒரு பாட்டு அதே நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 2019 மார்ச் 28 அன்று வெளியான, ராம்ஷ்டைன் என்ற ஜெர்மன் ராக் இசைக்குழுவின் ‘டாய்ச்லாண்ட்’தான் அது. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் டாய்ச்லாண்ட் என்று பெயர். ஆக, நாட்டின் பெயரே பாட்டின் பெயர்.

ஜெர்மன் தெரியாமல் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: இது ஏதோ வெறித்தனமான தேசபக்திப் பாட்டு, அல்லது சும்மா காதைக் கிழிக்கிற சத்தம். இரண்டும் தவறு. இதன் உயிர் சத்தத்தில் இல்லை, சின்னச் சின்ன சொற்களில் இருக்கிறது. ஒரு வேற்றுமை உருபு மாறுவதில்கூட இருக்கிறது. அதைப் பிடிக்க உங்களுக்கு ஜெர்மன் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாலை நேரம், நல்ல ஹெட்போன், பாடல் வரிகள் அச்சிட்ட ஒரு தாள், ஒரு பேனா போதும்.

படி 1: வீடியோவைப் பார்க்காமல் கேளுங்கள்

வீடியோ ஒன்பது நிமிடத்துக்கு மேல், பாட்டு ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். முதலில் பாட்டு மட்டும் போதும். வீடியோ அவ்வளவு வலிமையானது, அதை முதலில் பார்த்துவிட்டால் பிறகு சொற்கள் காதில் விழாது.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, முன்னால் பாடும் கனமான குரலை விட்டுவிட்டு, பின்னால் அவ்வப்போது வந்து குறுக்கிடும் கூட்டுக் குரல்களை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் முறை, பல்லவியில் “டாய்ச்லாண்ட்!” என்ற கூச்சல் எழும் இடத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடம்பு சிலிர்த்தால் அதைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தச் சிலிர்ப்பு தற்செயலாக வருவதில்லை. ஒரு கூட்டம் நாட்டின் பெயரைச் சேர்ந்து கத்தும்போது எழும் சூட்டை இந்தப் பாட்டு வேண்டுமென்றே உண்டாக்குகிறது, உடனே அடுத்த வரியில் அதன் மேல் தண்ணீர் ஊற்றுகிறது. கத்தியவர்களே அடுத்த வரியையும் பாடியாக வேண்டும்.

படி 2: பாடுபவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்

ராம்ஷ்டைன் 1994-இல் பெர்லினில் உருவான குழு. ஆறு பேர்: பாடகர் டில் லிண்டெமான், கிதார் வாசிக்கும் ரிச்சர்ட் குரூஸ்பே, பால் லாண்டர்ஸ், பேஸ் கிதாரில் ஆலிவர் ரீடல், டிரம்ஸில் கிறிஸ்டோப் ஷ்னைடர், கீபோர்டில் ஃபிளாக்க லோரென்ஸ். கால் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோதும் அதே ஆறு பேர்தான்.

இந்த ஆறு பேரும் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள், இதை மறக்கவே கூடாது. அவர்கள் பள்ளிக்கூடம் போன நாடு இன்று வரைபடத்தில் இல்லை. 1949-இல் பிறந்து 1990 அக்டோபர் 3 அன்று மேற்கு ஜெர்மனியோடு இணைந்து மறைந்துபோன நாடு அது. கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்தில் ‘ஜெர்மனி, ஒன்றுபட்ட தந்தை நாடு’ என்று ஒரு வரி உண்டு. நாடு பிரிந்தே இருக்கட்டும் என்று ஆட்சியாளர்கள் முடிவெடுத்த பிறகு, 1970களின் தொடக்கத்திலிருந்து அந்தக் கீதத்தைப் பாட விடாமல் இசையை மட்டும் வாசித்தார்கள். சொல் இல்லாத தேசிய கீதத்தோடு வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் நாட்டின் பெயரையே பாட்டாக்கினார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துப் பார்க்கிறது.

ராம்ஷ்டைன் தீவிர வலதுசாரிகளோ என்ற பழைய சந்தேகம் ஒன்றும் உண்டு. 1998-இல் ஒரு பாட்டின் வீடியோவுக்கு, 1936 பெர்லின் ஒலிம்பிக்கை நாஜிகளுக்காகப் படமெடுத்த லெனி ரீஃபன்ஷ்டாலின் காட்சிகளைப் பயன்படுத்தினார்கள், பலத்த கண்டனம் வந்தது. தங்கள் இதயம் இடது பக்கம்தான் துடிக்கிறது என்று 2001-இல் இன்னொரு பாட்டிலேயே பதில் சொன்னார்கள். 2019-இல் ‘டாய்ச்லாண்ட்’ என்ற தலைப்பு அறிவிக்கப்பட்டதும் ஜெர்மனியில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால் அதற்கு இந்தப் பின்கதையும் ஒரு காரணம்.

படி 3: நீ, நான், நாம், நீங்கள்

இப்போது பாடல் வரிகளைக் கையில் எடுங்கள். ‘டூ’ என்றால் நீ, ‘இஷ்’ என்றால் நான், ‘வீர்’ என்றால் நாம் அல்லது நாங்கள், ‘ஈர்’ என்றால் நீங்கள். வரும் இடத்திலெல்லாம் வட்டமிடுங்கள். பாட்டின் சரணங்கள் கிட்டத்தட்ட இந்த நான்கு சொற்களின் மேல்தான் நிற்கின்றன.

முதல் சொல்லே ‘டூ’. நாட்டை ‘நீ’ என்று நேராகக் கூப்பிட்டு, நீ நிறைய அழுதிருக்கிறாய் என்கிறார். பின்குரல்கள் ‘டூ ஹாஸ்ட், டூ ஹாஸ்ட்’ என்று அடுக்குகின்றன. இந்த ‘ஹாஸ்ட்’டில் ஒரு பொறி இருக்கிறது. ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டு எழுதினால் ‘நீ வெறுக்கிறாய்’ என்று பொருள், அந்த எழுத்து இல்லாமல் எழுதினால் ‘அழுதிருக்கிறாய்’ என்பதிலுள்ள ‘இருக்கிறாய்’ போன்ற துணைவினை. காதுக்கு இரண்டும் ஒன்றே. 1997-இல் இவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டும் இதே இரட்டைப் பொருளில் விளையாடியதுதான், ஆனால் அது கல்யாணச் சத்தியத்தைப் பற்றியது. இங்கே அதே விளையாட்டு ஒரு நாட்டோடு நடக்கிறது. பாட்டு போகப் போக, நேசிக்கலாம், வெறுக்கவும் தோன்றும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து ‘வீர்’. இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனி வசதி. ஜெர்மனில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான், கேட்பவரைச் சேர்த்தா விட்டுவிட்டா என்று அந்த மொழி சொல்லாது. தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நீங்கள் முடிவெடுத்தே தீர வேண்டும். சரணத்தில் “ரொம்ப காலமாகச் சேர்ந்தே இருக்கிறோம்” என்று நாட்டிடம் சொல்லும்போது அது ‘நாம்’. பல்லவிக்குச் சற்று முன் நீ, நான், வீர், ஈர் என்று நான்கு சொற்களும் வரிசையாக வந்து, பின்குரல்கள் ‘வீர்’ இருக்கிறோம் என்றும் ‘ஈர்’ இருந்துவிடுவீர்கள் என்றும் சொல்லும்போது எதிரே ஒரு ‘நீங்கள்’ முளைத்துவிட்டது, அதனால் அதே ‘வீர்’ இங்கே ‘நாங்கள்’ ஆகிறது. யார் நாங்கள், யார் நீங்கள்? கிழக்கும் மேற்குமா? பிழைத்தவர்களும் செத்தவர்களுமா? மண்ணின் மக்களும் பிறகு வந்தவர்களுமா? பாட்டு சொல்வதில்லை. எனக்கு முதலில் கிழக்கும் மேற்குமாகத்தான் கேட்டது. வீடியோ பார்த்த பிறகு அந்த உறுதி போய்விட்டது.

படி 4: ‘ஊபர்’ என்ற முன்னொட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குச் செலவிடுங்கள்.

‘ஊபர்’ என்று எழுதுகிறேன், சரியாக உச்சரிக்க வேண்டுமென்றால் உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்ல வேண்டும். மேலே, கடந்து, மிகையாக என்றெல்லாம் பொருள் தரும். பாட்டின் நடுப்பகுதியில் இந்த முன்னொட்டோடு தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. வேறு வாக்கியமே இல்லை, வெறும் சொற்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள்.

‘ஊபர்ஹேப்லிஷ்’ என்றால் இறுமாப்பு பிடித்த. ‘ஊபர்லேகன்’ என்றால் உயர்ந்த, மேம்பட்ட. ‘ஊபர்நேமன்’, கைக்கு எடுத்துக்கொள்வது, ஆட்சியைப் பிடிப்பதற்கும் ஆகும். ‘ஊபர்கேபன்’ ஒப்படைப்பது, சரணடையும்போதும் இதே சொல்தான். தன்வினையாக வந்தால் வாந்தி எடுப்பது. ‘ஊபர்ராஷன்’ எதிர்பாராமல் திகைக்க வைப்பது. ‘ஊபர்ஃபாலன்’ திடீரென்று பாய்ந்து தாக்குவது. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்துக்குள் ஜெர்மன் படைகள் புகுந்ததை ஜெர்மன் வரலாற்று நூல்கள் இதே வேரில் வந்த சொல்லால்தான் குறிக்கின்றன. இன்னொரு முறை வரும்போது ‘ஊபர்மென்ஷன்’, மேல்நிலை மனிதர்கள், தத்துவவாதி நீட்சேயிடமிருந்து நாஜிகள் பிடுங்கித் திரித்த சொல். அதன் பக்கத்திலேயே ‘ஊபர்ஃப்ளூஸிஷ்’, தேவையே இல்லாத, ‘ஊபர்ட்ரூஸிஷ்’, சலித்துப்போன. இறுமாப்பில் தொடங்கிப் படையெடுப்பு வழியாக வெறுமையில் முடிகிற ஒரு வரலாறு, ஒரே முன்னொட்டுக்குள்.

இந்த அடுக்கு போய் முட்டும் இடம்தான் முக்கியம்: ‘டாய்ச்லாண்ட், டாய்ச்லாண்ட் ஊபர் அல்லென்’. ஜெர்மன் தெரிந்த எவர் காதிலும் இது ‘ஊபர் அல்லெஸ்’ என்றுதான் முதலில் விழும், ஒரு நொடி கழித்தே கடைசி எழுத்து மாறியிருப்பது உறைக்கும்.

‘ஊபர் அல்லெஸ்’ எங்கிருந்து வந்தது? 1841 ஆகஸ்டில், அப்போது பிரிட்டன் வசம் இருந்த ஹெல்கோலாண்ட் தீவில், ஹோஃப்மான் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் என்ற பேராசிரியர் எழுதிய பாட்டின் முதல் வரி அது. மெட்டு அதற்கும் முந்தையது, ஆஸ்திரியப் பேரரசருக்காக 1797-இல் இசையமைப்பாளர் ஹைடன் அமைத்தது. அன்று ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட அரசர்களும் பிரபுக்களும் நகரங்களும் துண்டு துண்டாக ஆண்ட நிலம். உங்கள் குட்டி அரசர்கள் மேல் வைத்த பற்று எல்லாவற்றையும்விட ஒன்றுபட்ட ஜெர்மனி பெரிது என்பதுதான் அவர் எழுதியதன் நோக்கம். அது அன்றைக்குக் கலகக் குரல். அவருடைய அரசியல் கவிதைகளுக்காகப் பிரஷ்ய அரசு மறு ஆண்டே வேலையைப் பறித்தது. 1922-இல் குடியரசுத் தலைவர் ஏபர்ட் அந்தப் பாட்டைத் தேசிய கீதமாக்கினார். நாஜிகள் முதல் சரணத்தை மட்டும் எடுத்துத் தங்கள் கட்சிப் பாட்டோடு சேர்த்துப் பாடினார்கள், அதோடு அந்த வரி கறைபட்டது. 1952 முதல் மேற்கு ஜெர்மனியில் அரசு விழாக்களில் மூன்றாம் சரணம் மட்டும் பாடப்பட்டது. 1991-இல் அதுவே ஒன்றுபட்ட நாட்டின் கீதமாக உறுதியானது. முதல் சரணத்துக்குச் சட்டத் தடை இல்லை, ஆனால் பொது இடத்தில் பாடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது இலக்கணம். ‘அல்லெஸ்’ இரண்டாம் வேற்றுமை, ‘அல்லென்’ நம் நான்காம் வேற்றுமைக்கு நெருக்கமானது, பன்மையும்கூட. தமிழில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. முதலாவது ‘எல்லாவற்றையும்விட ஜெர்மனி’, இரண்டாவது ‘எல்லோருக்கும் மேலே ஜெர்மனி’. ‘ஐ’ போய் ‘கு’ வருகிறது, பொருட்கள் போய் மனிதர்கள் வருகிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட நீ பெரிது என்று காதலியிடமும் சொல்லலாம்; எல்லோருக்கும் மேலே நீ என்றால் கீழே யாரோ மிதிபடுகிறார்கள். முதல் வாக்கியத்தைப் பாடிய நாடு இரண்டாவதைச் செய்தது. ஓர் எழுத்தில் நூறு ஆண்டுகளை அடைத்துவிட்டார்கள், அதற்கு முந்தைய வரியில் உயர ஏறியவன் ஆழ விழுவான் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

படி 5: நேசிப்பதில் அப்படி என்ன சிக்கல்

நாட்டை நேசிக்கிறேன் என்று சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். 1969 முதல் 1974 வரை மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக இருந்த குஸ்டாவ் ஹைனமானிடம், நீங்கள் இந்த அரசை நேசிக்கவில்லையா என்று கேட்டார்கள். நான் எந்த அரசையும் நேசிப்பதில்லை, என் மனைவியை நேசிக்கிறேன் என்று முடித்துவிட்டார். நாட்டின் முதல் குடிமகனே சொன்ன பதில் இது, பலர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியைச் சாதாரண மக்கள் கார்களிலும் பால்கனிகளிலும் கூச்சமில்லாமல் பறக்கவிட்டது 2006 உலகக்கோப்பை கால்பந்தின்போதுதான், அதைப் பற்றியே அப்போது நாடெங்கும் பேச்சு.

“இவ்வளவு இளமை, ஆனாலும் இவ்வளவு முதுமை” என்று பல்லவியில் ஒரு வரி வரும். பேரரசாக ஒன்றிணைந்தது 1871, அதுவும் தோற்ற பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் வைத்து அறிவித்தார்கள். இன்றைய எல்லைகளோடு இருப்பது 1990-இலிருந்து. இதை மனதில் வைத்துக்கொண்டு வீடியோவுக்குப் போவோம்.

படி 6: வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

இயக்கியவர் ஸ்பெக்டர் பெர்லின். காட்சிகள் கால வரிசையில் வராது, முன்னும் பின்னும் பாயும், ஒரு சிவப்பு லேசர் கோடு அவற்றைத் தைத்துக்கொண்டே போகும். முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை காட்சி மாறும்போதெல்லாம் நிறுத்தி, எந்தக் காலம் என்று எழுதுங்கள். மனதைக் கலங்கடிக்கும் வன்முறை நிறைய உண்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

தொடக்கம் கி.பி. 16, இருண்ட காடு, ரோமானியப் படைவீரர்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்புதான் டாய்டோபுர்க் காட்டில் அர்மினியஸ் தலைமையில் ஜெர்மானியக் குழுக்கள் மூன்று ரோமானியப் படையணிகளை அழித்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டு தேசியவாதிகள் தங்கள் நாட்டின் பிறப்பை அங்கேதான் வைத்தார்கள். பிறகு சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்ததும் 1933-இல் புத்தகங்களை எரித்ததும் ஒரே தீயில் காட்டப்படுகின்றன. துறவிகள் ஒரு பெண்ணின் உடல் மேல் பரப்பிய உணவைத் தின்கிறார்கள். 1920களின் குத்துச்சண்டை. எரியும் ஆகாயக் கப்பல், 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் 36 உயிர்களைப் பறித்த ஹிண்டன்பர்க். கிழக்கு ஜெர்மனியின் கட்சித் தலைவர்கள், அந்நாட்டை நீண்ட காலம் ஆண்ட ஹோனெக்கரைப் போன்ற ஒருவர். மேற்கு ஜெர்மனியின் இடதுசாரித் தீவிரவாதக் குழுவான 1970களின் செம்படைப் பிரிவினரை நினைவூட்டும் ஆயுதக் குழு. 1977-இல் தொழிலதிபர் சங்கத் தலைவர் ஷ்லையரைக் கடத்திக் கொன்றவர்கள் அவர்கள்.

அப்புறம் தூக்குமரம். கைதி உடையில் குழுவினர், பின்னால் சீறி எழும் ராக்கெட். இந்த ராக்கெட்டை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். நோர்ட்ஹவுசன் அருகே மிட்டல்பௌ-டோரா வதைமுகாமில், மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் கைதிகளை வைத்து வி-2 ராக்கெட்டுகளைச் செய்தார்கள். சுமார் 60,000 பேர் அந்த முகாம்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள், ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். அந்த ஆயுதம் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். வீடியோவில் பின்னர் கைதிகளின் கையில் துப்பாக்கி வருகிறது, நாஜிகள் எதிரே நிற்கிறார்கள்.

எல்லாக் காலத்திலும் ஒரே ஒரு பெண் வருகிறாள், ஜெர்மானியா. நாட்டைப் பெண்ணாக உருவகித்த பழைய வடிவம் இது. 1848-இல் பிராங்க்பர்ட்டின் பவுல் தேவாலயத்தில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பிலிப் ஃபைட் வரைந்த ஜெர்மானியா தொங்கியது. ரைன் நதிக்கரையில் ரூடஸ்ஹைம் அருகே 1883-இல் திறந்த நினைவுச்சின்னத்தின் உச்சியிலும் அவளே நிற்கிறாள். இரண்டிலும் நீண்ட கூந்தல் கொண்ட வெள்ளையினப் பெண்ணாகவே அவளைக் கற்பனை செய்தார்கள். வீடியோவில் அவளாக நடிப்பவர் பெர்லினில் பிறந்த கறுப்பின ஜெர்மன் நடிகை ரூபி காமி.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1913-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெர்மன் ரத்தவழியில் வந்தவரே ஜெர்மானியர். அங்கேயே பிறந்திருந்தாலும் வந்தேறிகளின் பிள்ளை வெளிநாட்டவர்தான். பிறந்த மண்ணின் பேரிலும் குடியுரிமை பெற வழி திறந்தது 2000 ஜனவரி 1 முதல்தான், அதுவும் நிபந்தனைகளோடு. அப்படிப்பட்ட நாட்டில் ‘இவள்தான் ஜெர்மனி’ என்று ரூபி காமியை நிறுத்துகிறார்கள். அதோடு அவளைத் தியாகத் தாயாகவும் காட்டவில்லை. அரசியாக வருகிறாள், வெட்டிய தலையை ஏந்துகிறாள், நாஜி அதிகாரியின் சீருடையிலும் வருகிறாள். பழி அத்தனையும் அவள் உடம்பிலேயே இருக்கிறது. எனக்கு இதுதான் வீடியோவின் மிகத் துணிச்சலான முடிவு: இந்த நாட்டவள் என்றால் அதன் அழகுக்கு மட்டும் பங்காளியாக இருக்க முடியாது.

படி 7: முன்னோட்டம் கிளப்பிய சண்டை

வெளியீட்டுக்குச் சற்று முன் ஒரு குறும் முன்னோட்டம் வந்தது, அதில் இருந்தது அந்தத் தூக்குமரக் காட்சி மட்டுமே. ஜெர்மனி யூதர்களின் மத்திய சபையின் முன்னாள் தலைவர் ஷார்லோட்டே க்னோப்லோக் கடுமையாகக் கண்டித்தார். சிறுமியாக ஒளிந்திருந்து உயிர் பிழைத்தவர் அவர். யூத வெறுப்புக்கு எதிரான அரசுப் பொறுப்பாளர் ஃபெலிக்ஸ் க்ளைனும் கண்டித்தார். முழு வீடியோ வந்த பிறகு பலர் பார்வை மாறியது. ஆனால் முன்னோட்டத்தின் மேலான குற்றச்சாட்டு அதனால் அழிந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். முழுப் படைப்பில் அந்தக் காட்சிக்கு இடமும் பொறுப்பும் இருக்கிறது. தனியே வெட்டி எடுத்தபோது அது விளம்பரமாகிவிட்டது, முகாம்களில் செத்தவர்களின் துயரம் விளம்பரத்துக்கு ஆனதல்ல. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 8: பக்கத்தில் வைத்துக் கேட்க

இரண்டு பாடல்கள் போதும். லைப்சிக் நகரின் டீ பிரின்சன் குழு 2001-இல் இதே பெயரில் பாடிய நையாண்டிப் பாப் பாட்டு ஒன்று. ஹைடல்பெர்க்கின் அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி ராப் குழு 1992-இல் வெளியிட்ட ‘சொந்த நாட்டில் அந்நியன்’ இன்னொன்று. அந்த ஆண்டுதான் ராஸ்டாக்கில் அகதிகள் குடியிருப்பைக் கும்பல் தாக்கியது, மோல்னில் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஜெர்மன் கடவுச்சீட்டு கையில் இருந்தும் நீ எந்த ஊர் என்று கேட்கப்படுகிறவர்களின் குரல் அது. அதைக் கேட்டுவிட்டு ரூபி காமியின் முகத்தைத் திரும்பப் பாருங்கள்.

படி 9: கடைசியாக ஒரு முறை

தாளை மடித்து வைத்துவிட்டு வீடியோவை முழுதாக ஓட விடுங்கள், பாட்டு முடிந்ததும் மூடிவிடாதீர்கள். இறுதியில் ஜெர்மானியா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், பெட்டி விண்வெளியில் மிதந்து போகிறது. கிதார் எல்லாம் ஓய்ந்து பியானோ மட்டும் கேட்கும். அது இவர்களுடைய 2001-ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஸோனெ’யின் மெட்டு. அந்தப் பழைய வீடியோவில் பனிவெண்மை இளவரசியின் (ஸ்னோ ஒயிட்) கதையைச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கதையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவள் செத்தவள் அல்ல, எழுந்துவிடுவாள். இங்கே பெட்டி திறப்பதற்குள் திரை இருண்டுவிடுகிறது.